வளவுக்குள் வந்த படைச்சொற்கள்



இந்த இதழுக்கு வந்த நினைவுக் குறிப்பொன்றை ஒப்புநோக்கிக்கொண்டிருந்த இளம் உதவியாசிரியை, "சகடை எண்டால் என்ன?" என்று கேட்டார். சரக்கு விமானத்தில் பீப்பாய்க் குண்டுகளை ஏற்றிவந்து உருட்டிவிட்ட காலத்தில், அந்த விமானத்துக்கு யாழ்ப்பாணத்துச் சனம் வைத்த பெயர் அது. அன்று சகடையின் இரைச்சல் வேறு, பொம்மரின் இரைச்சல் வேறு என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இத்தாலியத் தயாரிப்பான 'சியாய் மார்க்கெட்டி' விமானம் நம்மவர் வாயில் 'சியாமாசெட்டி' ஆனது.

பங்கர் என்ற சொல்லைப் பாருங்கள். ஸ்கொட்லாந்துக்காரருக்கு முதலில் அது பெட்டி. பிறகு கப்பலில் நிலக்கரி போடும் அறை, கோல்ஃப் திடலில் மணற்குழி. படைச்சொல்லாக அது பரவியது உலகப் போர்க் காலத்தில்தான். நம் வளவுகளுக்கு வந்தபோதோ, கிணற்றடி, குசினி போல வீட்டில் ஒரு பகுதியாகிவிட்டது. பத்திரிகைகள் பதுங்குகுழி என்று எழுதின. வீட்டில் எல்லோருக்கும் பங்கர்தான். 'ட' வடிவில் வளைத்து வெட்டுவார்கள். வாசலில் செல் விழுந்தாலும் துண்டு நேரே உள்ளே பாயாது. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போடுவார்கள். வலிகாமத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். அலவாங்கு இல்லாமல் ஆகாது. மாரியில் வெள்ளம் நிற்கும், பாம்பு கிடக்கும். அதற்குள்தான் கைக்குழந்தையோடு இறங்கினார்கள்.

காம்ப் இன்னும் வலிக்கிற சொல். ஆமி இருந்ததும் காம்ப், ஆமிக்குப் பயந்து ஊரை விட்ட சனம் இருந்ததும் காம்ப். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தவர்களில் பலர் கால் நூற்றாண்டு கடந்தும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். அவர்கள் தங்கிய இடத்துக்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயர். அது கச்சேரிக் கடிதத்தோடு சரி. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை, வீடுவாசலோடு இருந்தவர்கள் 'காம்புப் பிள்ளையள்' என்றார்கள். அப்படிச் சொன்னது பெரும் பிழை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எல்லோரும் ஒரே சனமாகத்தானே நடந்தோம்? கல்யாணப் பேச்சிலும் வேலைத் தேர்விலும் இந்தச் சொல் இன்னும் எங்காவது காதில் விழுந்தால், அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள்.

இந்தச் சொற்களைப் புழங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அகராதிகளில் இவற்றில் பலவற்றைத் தேடினாலும் கிடைக்காது. அதனால் வரும் இதழ்களில் இவற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டில் வழங்கிய சொல், எந்த ஊர், எந்தக் காலம், எதைக் குறித்தது என்று எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் ஊரை மட்டும் குறிப்பிட்டால் போதும். எழுத ஏலாத அம்மம்மாமார் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள். அவர்கள் உச்சரித்தபடியே, திருத்தாமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்