நிமிடத்துக்கு 30 சொற்கள்

கல்வியியல் நூல்களில் ‘பாடத்திட்டம்’, ‘கலைத்திட்டம்’ என்று இரு சொற்கள் வழங்குகின்றன. என்னென்ன பாடங்கள் என்னும் பட்டியல் முன்னது. யாருக்கு, எதற்காக, எந்த அனுபவங்களின் வழியே என்னும் முழு ஏற்பாடு பின்னது. கல்லூரிகளில் நாங்கள் மணிக்கணக்காக விவாதிப்பது பெரும்பாலும் முன்னதைப் பற்றித்தான். அதனால் பெரிய சேதம் தெரிவதில்லை; பட்டம் என்ற ஒன்று மாணவனை வகுப்பில் உட்கார வைத்துவிடுகிறது. பகலெல்லாம் கல்லுடைத்துவிட்டு இரவில் சிலேட்டுடன் வந்து அமரும் நாற்பது வயதுப் பெண்ணை எது உட்கார வைக்கும்? வயதுவந்தோர் கல்வியில் ‘எதற்காக’ என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

1988இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம் இக்கேள்விக்கு இரு வகையாக விடை சொன்னது. எளிய பத்தியொன்றை நிமிடத்துக்கு 30 சொற்கள் வீதம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்தெழுதுவதில் 7 சொற்கள், சொல்வதை எழுதுவதில் 5. நூறு வரை எண்கள். இது ஒரு வகை. தம் வறுமையின் காரணங்களை உணர்வது, ஒன்றுதிரண்டு அந்நிலையை மாற்ற முற்படுவது, பெண் சமத்துவம் ஆகியவையும் அதே வரையறையில் இடம்பெற்றிருந்தன. முதல் வகைக்குத் தேர்வு வைக்கலாம். இரண்டாவதற்கு எந்த வினாத்தாளைத் தயாரிப்பது? அளக்க முடிந்த நோக்கம் அளக்க முடியாத நோக்கத்தை மெல்ல விழுங்கிவிடும் என்பதைத் தேர்வுத்தாள் திருத்தும் எவரும் அறிவர்.

புதுக்கோட்டையில் அப்படி நேரவில்லை. 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் ஓர் அங்கமாகச் சேர்த்தார். பொதுவெளியில் நடந்த சைக்கிள் போட்டிகளில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டியதாகப் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போக, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி! விளைபொருளைப் பக்கத்து ஊர்களில் விற்கவும் தண்ணீர் கொண்டுவரவும் பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. ‘பெண் சமத்துவம்’ என்று வரையறையில் கிடந்த சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான பாடம் எழுத முடியுமா என்று தெரியவில்லை.

சைக்கிளே போதும் என்று நான் வாதிடவில்லை. கூலிக் கணக்கைச் சரிபார்க்க எண் வேண்டும், கையெழுத்திடும் தாளைப் படிக்க எழுத்து வேண்டும். தொடர்ந்து வாசிக்க வாய்ப்பின்றிக் கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு. ஒருமுறை பழகிய சைக்கிள் மறப்பதில்லை. எழுத்துக்கும் அன்றாட வாழ்வில் அப்படியொரு புழக்கத்தைத் தேடித் தந்திருக்க வேண்டும். அங்கேதான் தவறினோம் என்பது என் எண்ணம்.

பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே பாடத்தை எழுதுவதற்கு முன் மக்களின் பேச்சைக் கேட்டார். அவர்கள் உழைப்பிலிருந்தும் கவலைகளிலிருந்தும் சொற்களைப் பொறுக்கினார். ‘செங்கல்’ அவற்றுள் ஒன்று. செங்கல்லை எழுத்துக்கூட்டும்போதே அது யாருடைய வீடாகிறது என்ற பேச்சும் எழும். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணிநேரத்தில் எழுத்தறிவித்த முறை இது. மறு ஆண்டே இராணுவ ஆட்சி வந்தது. பிரெய்ரே சிறைக்குப் போனார். கலைத்திட்டத்தின் நோக்கம் வெறும் கல்வித்துறை விவகாரமன்று என்பது ஆட்சியாளர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தொழிற்கல்விக்கு வருவோம். 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகம், ஒவ்வொரு நிலையிலும் கற்றவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரையறுக்கிறது. பணிக்கான தரநிலைகளை வகுக்கும் துறைத் திறன் மன்றங்கள் தொழில்துறையின் தலைமையில் இயங்குபவை. முதலாளிக்கு என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்பது அவ்வழியே ஒழுங்காகப் பதிவாகிவிடும். பயன் இல்லாத பயிற்சியைவிட அது மேல்தான். ஆனால் வெல்டிங் கற்க வரும் இளைஞன் நாளை சொந்தப் பட்டறை வைக்க நினைக்கிறானா, வேறு தொழிலுக்குத் தாவ நினைக்கிறானா? அதை எந்தப் படிவத்தில் யார் கேட்டுக் குறிக்கிறார்கள்?