தார் பூசாத சாலைகளுக்காக

இத்தாலி தேசத்துச் சியேனா நகரத்தின் அரசாங்க மாளிகையில், அந்நாளில் ஆட்சி நடத்திய ஒன்பதுபேர் கூடி ஆலோசித்த மண்டபத்துச் சுவரில், அம்புரோஜியோ லொரென்சேத்தி என்ற சித்திரக்காரர் 1338, 1339ஆம் ஆண்டுகளில் தீட்டிய ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. நல்லாட்சியினால் நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் விளையும் நன்மைகளைக் காட்டுவதற்காகவே எழுதப்பட்ட அந்தச் சித்திரத்தில், நகரவாயிலைத் தாண்டிக் கீழே இறங்கும் ஒரு சாலை தெரிகிறது. குதிரைமீதேறி வேட்டைக்குப் புறப்படும் செல்வர்கள் அதில் இறங்கிவர, பன்றியை ஓட்டிக்கொண்டு நகரத்தை நோக்கி ஏறும் குடியானவன் அவர்களுக்கு எதிர்ப்படுகிறான். அப்பால் திராட்சைத் தோட்டங்களும், கதிரடிக்கும் களங்களும், ஒன்றன்பின் ஒன்றாய் அலையெழுந்து போகும் குன்றுகளும். இவற்றுக்கெல்லாம் மேலே, ஆகாயத்தில், அச்சமின்மையின் உருவமாக ஒரு பெண் சிறகு விரித்து நிற்கிறாள். ஒரு ராஜ்யத்தின் க்ஷேமத்தைச் சுவரில் எழுத நினைத்த கலைஞர், போர்க்களத்தையோ வெற்றி ஊர்வலத்தையோ தேடாமல், ஏழையும் செல்வனும் பயமின்றி எதிரெதிரே கடந்து செல்லும் ஒரு கிராமத்துச் சாலையை எழுதினார் என்பதை நினைக்குந்தோறும் என் மனம் அவருக்கு வணக்கம் செலுத்துகிறது.

அந்தக் குன்றுகள் இன்றும் சியேனாவுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றின் முகடுகளை ஒட்டி வளைந்து செல்லும் சரளைச் சாலைகளை அப்பிரதேசத்தார் ஸ்த்ராதே பியாங்கே, அதாவது வெண்சாலைகள், என்று அழைக்கிறார்கள். உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி அழுத்திய தளம். தார் என்பதே கிடையாது. கோடையில் மாவுபோல வெண்புழுதி எழும், மழைக்காலத்தில் அதே புழுதி சேறாகிச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். வடக்கே, கியாந்திப் பிரதேசத்தில், அவை கருவாலி மரங்களும் செஸ்ட்நட் மரங்களும் அடர்ந்த காட்டுக்குள் புகுந்து, வெளிப்படும் இடத்தில் திராட்சைக் கொடி வரிசைகளுக்கும் ஒலிவ மரங்களுக்கும் நடுவே இறங்குகின்றன. தெற்கே கிரேத்தே என்று பெயர்பெற்ற களிமண் குன்றுகளில் மரமே அபூர்வம். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தளமாக இருந்த அந்தச் சாம்பல்நிற மண், வசந்தத்தில் கோதுமைப் பயிரால் பசுமையாகி, வேனிலில் பொன்னிறம் பூண்டு, அறுவடைக்குப்பின் உழுது போட்டதும் மறுபடியும் தன் சொந்த நிறத்துக்கே திரும்பிவிடுகிறது. அதற்கும் தெற்கே ஓர்ச்சா நதியின் பள்ளத்தாக்கு. 1,738 மீட்டர் உயரமுள்ள ஆமியாத்தா என்ற அவிந்துபோன எரிமலை அதற்குக் காவல் நிற்பதுபோல் தோன்றும். மத்திய காலத்தில் ரோமாபுரிக்கு யாத்திரை சென்றவர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே நடந்தார்கள். 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது.

இவ்வளவு சாலைகள் இக்குன்றுகளின்மேல் எதற்காக ஏற்பட்டன என்று கேட்டால், அதற்கு விடை பிரயாணிகளின் ரஸனையில் இல்லை, குடியானவர்களின் வியர்வையில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அங்கே நிலவியது மெட்ஸாத்ரியா என்னும் வாரச் சாகுபடி முறை. நிலச்சுவான்தார் தம் பண்ணையைப் பல பங்குகளாக வகுத்து, ஒவ்வொரு பங்கிலும் ஒரு குடும்பத்தைக் குடியேற்றுவார். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி உழுதவனுக்கு. குடும்பங்கள் ஓர் ஊராகச் சேர்ந்து வாழாமல் அவரவர் நிலத்தின் நடுவே, குன்றின் உச்சியில், தனித்தனிக் கல்வீடுகளில் வாழ்ந்தபடியால், வீட்டுக்கு வீடு, களத்துக்குக் களம், எல்லாவற்றிலிருந்தும் எஜமானரின் மாளிகைக்கு என்று மாட்டுவண்டிகள் போய்வரப் பாதைகள் பின்னப்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர், 1950களிலும் 60களிலும், அந்தக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குப் போய்விட்டன. புதிதாக வார ஒப்பந்தம் எழுதுவதையே 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. காலியான வீடுகள் சிலவற்றுக்குச் சார்தீனியத் தீவிலிருந்து ஆட்டிடையர்கள் மந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். பல வீடுகள் கூரை சரிந்து கிடந்தன. அந்த முறையின் கொடுமையை மறந்துவிட்டு அதன் அழகை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது. பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு மீதியில் பசியோடு காலந்தள்ளியவர்கள் போட்ட பாதைகள் அவை. விட்டுப் போனவர்கள் மகிழ்ச்சியோடுதான் போயிருப்பார்கள்.

ஆனால் மனிதர்கள் போனபின் சாலை யாருக்கு? இக்கேள்விக்கு எல்லா அரசாங்கங்களும் எளிதாகக் கண்டுபிடிக்கும் விடைகள் இரண்டே. போக்குவரத்து மிகுந்தால் தார் போடுவது. குறைந்தால் கைவிட்டு முட்புதருக்கு ஒப்படைப்பது. மூன்றாவதாக ஒரு விடை உண்டு என்று எடுத்துக்காட்டியவர் கையோலே என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜான்கார்லோ புரோச்சி. வெண்சாலைகளின்மீது தார் ஏறுவதைத் தடுக்க வேண்டும், சைக்கிள் பந்தயத்தின் பழைய மேன்மையையும் மக்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்ற இரண்டு நோக்கங்களோடு அவர் 1997ஆம் ஆண்டில் லெரோயிக்கா என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு வந்தவர்கள் 92 பேர். 1987க்கு முந்திய வார்ப்பில் அமைந்த சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் மாற்றும் பிடிகள் சட்டத்தின் சாய்தண்டிலேயே இருக்க வேண்டும், ப்ரேக் கம்பிகள் வெளியே தெரிய வேண்டும் என்று விதிகள். நீண்ட வழி 209 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் சரளை. இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கானோர் பழைய எஃகு வண்டிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு, கம்பளிச் சட்டை அணிந்து, பல தேசங்களிலிருந்து அங்கே வருகிறார்கள். அந்த வழி முழுவதும் கைகாட்டி நட்டிருப்பதால், எந்த மாதத்திலும் எவரும் தனியாகவே போகலாம். ஒரு பாதையின் கதி அதை யார் நாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வண்டிக்காரன் போய்விட்ட இடத்திற்கு மிதிவண்டிக்காரன் வந்ததால் அந்தச் சாலைகள் தம் சுபாவம் மாறாமல் பிழைத்தன.

தொழில்முறைப் பந்தயம் 2007ஆம் ஆண்டில் இதைப் பின்பற்றி வந்தது. முதல் வருஷம் ரஷ்யரான அலெக்சாந்தர் கொலோப்னேவ் வென்றார். 2015 முதல் பெண்களுக்கும் தனிப் பந்தயம் நடக்கிறது. 2010ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயம் மழையில் இவ்வழியே வந்தபோது, உலகச் சாம்பியனுக்குரிய வானவில் சட்டையின் நிறமே தெரியாதபடி சேறு அப்பிய உடலோடு கடெல் எவன்ஸ் மொந்தால்ச்சீனோவில் முதலாவதாக வந்து நின்றார். 2024இல் வெண்சாலைப் பந்தயத்தில் ததேய் பொகாச்சார் 81 கிலோமீட்டர் தூரத்தைத் தன்னந்தனியே கடந்து வெற்றி பெற்றார். இவையெல்லாம் போற்றத்தக்க பராக்கிரமங்களே. ஆயினும் சாலையைக் காப்பாற்றியவர்கள் இவர்கள் அல்லர். ஐம்பது வயதில் மூச்சிரைக்க ஏறி, வழியில் ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் பீன்ஸ் கஞ்சியும் உண்டு, மாலைக்குள் ஊர் திரும்பும் பெயரறியாதவர்களே காப்பாற்றினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரளையில் சைக்கிள் விடுவது தார்ச்சாலையில் விடுவதன் கரடுமுரடான மாறுபாடு என்று நினைப்பவர்கள், அதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அகலமான டயர் வேண்டும், அதிலும் காற்றைச் சற்றுக் குறைத்தே அடிக்க வேண்டும். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும், தளர்ந்த டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும். ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரம் பிடி இழந்து வெறுமனே சுழலும். ஆகையால் உட்கார்ந்தபடியே, பொறுமையாக, ஒரே சீராக மிதிக்க வேண்டும். இறக்கத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவன் விழுவான். லேசாகப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, வண்டி தன் தடத்தைத் தானே தேடிக்கொள்ள விடுபவன் நிலைப்பான். கார்கள் அடிக்கடி ஓடி அலையலையாகத் தேய்ந்த தரையில் உடம்பு முழுவதும் அதிரும். இத்தனைக்கும் நடுவே கண் எப்போதும் பத்தடி முன்னால் இருந்தாக வேண்டும். அந்தக் கவனமே, கல்லின் நிறம் மாறுவதையும், காட்டின் ஈரநெடி முடிந்து உழுத மண்ணின் வாசனை தொடங்குவதையும், மந்தையைக் காக்கும் வெள்ளை நாய் எழுந்து நிற்பதையும் தானாகவே நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவனுக்கு இவை ஒன்றும் கிட்டுவதில்லை.

இந்தச் சாலைகளுக்கு வீரமும் அந்நியமன்று. ஃப்ளாரன்ஸ் நகரத்தின் புறத்தே பிறந்த சைக்கிள் பந்தய வீரர் ஜீனோ பார்த்தாலி, ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது, பயிற்சிக்குப் போகிறவர்போல சியேனாவை உள்ளடக்கிய டஸ்கனியின் சாலைகளில் அஸ்ஸீஸி வரை மிதித்துப் போய்வந்தார். வேட்டையாடப்பட்ட யூதர்களுக்கான போலி அடையாளச் சான்றுகள் அவருடைய சைக்கிள் குழாய்க்குள் சுருண்டிருந்தன. உயிரோடிருந்தவரை அதைப்பற்றி அவர் பெருமை பேசியதில்லை. 2013இல்தான் இஸ்ரேல் தேசம் அவர் பெயரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது.

இனி, நம் வாசகர் கேட்கக்கூடிய நியாயமான கேள்விக்கு வருகிறேன். பிரசவ வேதனையில் இருப்பவளைக் கட்டிலில் தூக்கிச் செல்லும் மலைக்கிராமங்கள் இன்னும் உள்ள நம் நாட்டில், தார்ச்சாலைக்காக மனுமேல் மனு எழுதிக் காத்திருக்கும் ஜனங்களிடம், சரளைச் சாலையின் பெருமையைப் பேசலாமா? பேசக்கூடாது, அங்கே தார் போடுவதே தர்மம். ஊரை ஆஸ்பத்திரியோடும், பள்ளிக்கூடத்தோடும், சந்தையோடும் சேர்க்கும் சாலை உறுதியாகவும் விரைவாகவும் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. சியேனா மாகாணத்திலும் பெரிய ஊர்களைச் சேர்க்கும் பிரதான சாலைகள் தார்ச்சாலைகளே. நான் வாதாடுவது, அந்தத் தேவை பூர்த்தியான பிறகும், வயலுக்கும் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் செல்லும் கிளைப்பாதைகளைக்கூட வேகத்துக்கு ஒப்படைத்துவிடும் பழக்கத்தை எதிர்த்துத்தான். தார் போட்ட கிளைப்பாதை விரைவில் குறுக்குவழியாகிறது. குறுக்குவழியில் கார்கள் பெருகுகின்றன. கார்கள் பெருகிய இடத்தில் நடப்பவரும், மாடு ஓட்டுபவரும், சைக்கிளில் போகும் சிறுமியும் ஓரம் ஒதுங்கி, பிறகு மறைந்தே போகிறார்கள்.

சரளையைக் காப்பது செலவில்லாத காரியமும் அன்று. குளிர்கால மழை கல்லை அரித்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். தளத்தின் நடுவைச் சற்றே மேடாக்கி நீரை இருபுறமும் வழியவிட வேண்டும். வாய்க்காலைத் தூர்வார வேண்டும். புதுக்கல் பரப்பி அழுத்த வேண்டும். அடுத்த வருஷம் இத்தனையும் மறுபடி செய்ய வேண்டும். கோடையில் எழும் புழுதி திராட்சை இலைகளில் படிவதாகச் சாலையோரத்து விவசாயி முறையிட்டால், அந்த முறையீடும் மெய்யே. ஆகவே இச்சாலைகளை விருந்தாளிகளின் விளையாட்டு மைதானம் ஆக்கிவிடலாகாது. அறுவடைக் காலத்து டிராக்டருக்குச் சைக்கிள்காரன் வழிவிட வேண்டும். திறந்த படலை மூடிவிட்டுப் போக வேண்டும். மந்தை கடக்கும்வரை இறங்கி நிற்க வேண்டும். வரி வாங்கும் அரசாங்கமோ, இந்தப் பராமரிப்பை ஏழ்மையின் மிச்சத்துக்குப் போடும் பிச்சையாகக் கருதாமல், பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்குவதுபோலவே வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான இனமாக எழுதிவைக்க வேண்டும்.

லெரோயிக்கா நடக்கும் அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலருமுன், நீண்ட வழியைத் தெரிந்துகொண்டவர்கள் கையோலேயிலிருந்து புறப்பட்டுவிடுகிறார்கள். முதல் பெரிய ஏற்றம் புரோலியோக் கோட்டைக்கு. அங்கே தார் முடிந்து வெண்சாலை தொடங்குகிறது. இருபுறமும் ஓங்கிய சைப்ரஸ் மரங்களின் அடியில், சரளையின் ஓரமாக, வரிசை வரிசையாய் விளக்குகள் ஏற்றி வைத்திருப்பார்கள். சங்கிலியின் ஓசையும் கல் நெரியும் ஓசையும் அன்றி வேறு ஓசை இராது. அந்தச் சிறு சுடர்களுக்கு நடுவே வழியைக் கண்டுகொண்டு அவர்கள் மேலே ஏறுகிறார்கள். கோட்டையைத் தாண்டி இறங்கும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருக்கும்.