குளம் உண்டு; குஞ்சு எங்கே?

வன்னியின் சிறு குளங்களில் மீன் வளர்ப்பதற்குப் பெருமுதல் வேண்டுமென்று கூறுவோர் இன்றும் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மாரியில் நிறைந்து ஆவணியில் வற்றும் குளத்தில் மீனுக்குத் தீன் போடவேண்டிய தேவையே இல்லை. கோடையில் குளத்தடியில் மேய்ந்த மாடுகளின் சாணமும், வெள்ளம் அடித்துவரும் வண்டலும், நீரில் மூழ்கிய புல்லும் பாசியையும் சிற்றுயிர்களையும் பெருக்கிவிடுகின்றன. கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிரிகால் அடிச்சேற்றிலும் இரை தேடுவன. மூன்றையும் ஒருங்கே விட்டால் குளம் முழுவதும் பயன்படும்.

அவ்வாறாயின் குறை எங்கே? குஞ்சிலேதான்!

1952 இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட திலாப்பியா வற்றாத குளங்களில் தானே பெருகிக்கொள்ளும். இந்தியக் கெண்டைகளோ ஓடும் ஆற்றில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய குளத்தில் அவை பெருகமாட்டா. ஆகவே ஆண்டுதோறும் குஞ்சு விட்டேயாகவேண்டும். அதனையும் மார்கழிக்குள் விடவேண்டும். மாசியில் வந்துசேரும் குஞ்சு வளருமுன் நீர் வற்றிவிடும். நகத்தளவுக் குஞ்சை விடுவதோ விராலுக்கும் நீர்க்காகத்திற்கும் விருந்து வைப்பதாகும். விரல் நீளத்திற்கு வளர்த்து விட்டாலன்றி அறுவடையில் மிஞ்சுவது சொற்பமே.

இத்துணை நுட்பமான காரியத்தை அரசின் மனப்போக்குக்கு விட்டால் என்னவாகும் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். 1990 இல் அன்றைய அரசு நன்னீர் மீன்வளர்ப்புக்கு அளித்துவந்த ஆதரவை ஒரே முடிவில் விலக்கிக்கொண்டது. 1994 இல் ஆதரவு மீண்டது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீருயிரின வளர்ப்புக்கெனத் தனி அதிகாரசபையும் தோன்றியது. ஆயினும், குளம் நிறையும் நாளைக் குளக்கட்டில் நிற்கும் கமக்காரன் அறிவானேயன்றி, தொலைவில் அலுவலகத்திலிருந்து லொறி அனுப்புபவர் அறியார்.

ஆதலால் நாம் கோருவது இது: இளங்குஞ்சை மட்டும் அரசு தரட்டும். அதனை விரல் நீளத்திற்கு வளர்க்கும் சிறு தொட்டிகளையும் வலைக்கூடுகளையும் கமக்காரர் அமைப்புகளின் பொறுப்பில் அந்தந்தக் கிராமத்திலேயே அமைக்கவேண்டும். குளத்தில் இறுதியாக எவ்வளவு நீரை மீனுக்காக நிறுத்துவது, துருசை எப்பொழுது பூட்டுவது என்பனவற்றைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே, விதைப்புக்கு முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். நெல்லா மீனா என்ற சச்சரவைச் சிறுபோகத்தின் நடுவில் தொடங்குவது இரண்டையும் இழப்பதற்கே வழியாகும். மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கு குளக்கட்டின் திருத்தத்திற்கென ஒதுக்கப்படுமாயின், வலை வீசாத குடும்பங்களும் அக்குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும்.