வயதுச் சான்று யாருக்கு?

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. 2025 டிசம்பர் 10 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தால் தேவலை என்கிறார்கள் என் வயது நண்பர்கள். பேரப்பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பார்க்காமல் போனையே பார்க்கும்போது எனக்கும் அப்படித் தோன்றுவதுண்டு.

அந்தச் சட்டத்தில் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. தடுக்கத் தவறும் கம்பெனிக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் யார் என்று கண்டுபிடிக்க, கம்பெனி எல்லாரையும் ஒருமுறை சலித்துப் பார்த்தாக வேண்டும். அடையாள அட்டை கேட்கலாம், முகத்தைப் படம் பிடிக்கலாம், அல்லது நாம் எதைப் பார்க்கிறோம், யாரோடு பேசுகிறோம் என்று கவனித்து ஊகிக்கலாம். எழுபது வயதுக்காரரும் இதற்குத் தப்ப முடியாது. அரசு அடையாள அட்டையை மட்டுமே கேட்கக் கூடாது, வாங்கிய விவரத்தை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று அங்கே விதி வைத்திருக்கிறார்கள். அழித்தார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்?

பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் உயிரோடிருக்கிறோம் என்று முகத்தையோ கைரேகையையோ காட்டுகிறோம். அது நமக்குப் பணம் தரும் அரசுக்கு. விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனிக்கு ஏன் காட்ட வேண்டும்?

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. நோக்கம் நியாயமாகவும், கட்டுப்பாடு அந்த நோக்கத்துக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும். பேச்சுரிமையைத் தரும் 19வது பிரிவும் குடிமக்கள் என்றுதான் சொல்கிறது, வயது சொல்லவில்லை.

நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது. வீட்டுக்கு ஒரே போன், கணக்கு அப்பா பெயரில் என்றிருக்கும் குடும்பங்களில் அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? அதே சட்டத்தின் இன்னொரு விதிதான் எனக்குப் பிடித்தது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது அது. கடைக்காரன் கையைக் கட்டினால், வாசலில் நிற்பவர்களை எல்லாம் சோதனை போடும் அவசியம் குறையும். முதலில் அதை ஒழுங்காக அமல்படுத்தட்டும், வயது வரம்பைப் பற்றி அப்புறம் பேசலாம் என்பது என் கருத்து. உங்களுக்கு எப்படிப் படுகிறது?