தலையில் அடிபட்டவரைக் குளிர வைக்கலாமா?

வானம் பார்த்த பூமி பாலவனத்தம். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே உள்ள ஊர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஊர் ஜமீன்தார். அவர் காலத்தில் இந்தச் சாலையில் மாட்டு வண்டி போயிற்று. இப்போது மோட்டார் சைக்கிள் பறக்கிறது.

பறக்கிறவர்கள் விழுவதும் உண்டு. விழுந்தவர் மயங்கிக் கிடந்தால், கூடி நிற்பவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிறகு வாயில் சோடா! வெயில் கொளுத்தும் சீமை அல்லவா? குளிர்ச்சி எதற்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை.

டாக்டர்களும் நம்பினார்கள்

வேடிக்கை என்னவென்றால், பெரிய பெரிய டாக்டர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் டெம்பிள் ஃபே என்ற மூளை டாக்டர், 1938-லேயே நோயாளிகளின் உடம்பைக் குளிர வைத்துப் பார்த்தார். முதலில் புற்றுநோய்க்காரர்கள். பிறகு தலையில் அடிபட்டவர்கள்.

காரணம் இருந்தது. அடிபட்ட மூளை வீங்கும். மண்டை ஓடோ கெட்டியான எலும்பு, விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். மூளைக்கு ரத்தம் போவது குறையும். உடம்புச் சூட்டை ஒரு டிகிரி இறக்கினால், மூளைக்கு வேண்டிய பிராணவாயு சுமார் 6 சதவீதம் குறைகிறது. குறைந்த ரத்தத்திலேயே மூளை தாக்குப் பிடிக்கலாம் என்பது டாக்டர்களின் கணக்கு.

கணக்கு சரிதான். ஆள் தேறினாரா?

பரீட்சையில் என்ன ஆயிற்று?

18 நாடுகளில் 387 பேரை வைத்து நடந்த பரீட்சையின் முடிவு 2015-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிப் பேருக்கு உடம்புச் சூடு 32 முதல் 35 டிகிரிக்கு இறக்கப்பட்டது. நல்ல உடம்பின் சூடு 37 டிகிரி. (வீட்டுத் தெர்மாமீட்டரில் 98.6 என்று காட்டுவது இதுதான்.)

ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 37 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். குளிர வைக்கப்பட்டவர்களில் 26 பேர்தான்! அழுத்தத்தை அடக்கக் குளிர்ச்சி உதவியது. ஆளைத் தேற்ற உதவவில்லை.

அழுத்தம் ஏறுவதற்கு முன்பே குளிர வைத்தால்? 511 பேரிடம் அதையும் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வந்தது. இரு சாராரிலும் 100-க்கு 49 பேர் தேறினார்கள். வித்தியாசமே இல்லை.

குளிர்ந்த உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையாது. நிமோனியா வரலாம். ரத்த அழுத்தம் இறங்கலாம். அடிபட்ட மூளைக்கு ரத்த அழுத்தம் இறங்குவதைப் போன்ற விரோதி வேறில்லை.

சென்னை கண்ட முடிவு

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும் குளிர் வைத்தியம் உண்டு. மேல்நாடுகளில் அது நன்றாகவே பலித்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலும் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் சேர்ந்தது. 2021-ல் முடிவு வந்தது. குளிர வைத்த குழந்தைகளில் 100-க்கு 42 இறந்தன. மற்றவற்றில் 31. அங்கே பலித்தது என்பதற்காக இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட முடியாது.

தலையில் அடிபட்டவருக்கு இப்போது டாக்டர்கள் கவனிப்பது காய்ச்சல் வராமல் பார்ப்பதைத்தான். வேறு எதற்கும் அழுத்தம் அடங்காவிட்டால் சில இடங்களில் குளிர வைக்கிறார்கள். அதுவும் யந்திரங்களின் கண்காணிப்பில். குடத்துத் தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

சோடா இன்னும் மோசம். மயங்கியவர் வாயில் ஊற்றினால் மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். கழுத்தைத் திருப்பாமல், ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அடிபட்டவர் வெளி மாநிலத்துக்காரர் என்றாலும் இது உண்டு.