யாருக்காக இந்தத் தராதரம்?

கொழும்பு மாநகரின் தனியார் வைத்தியசாலைகள் சிலவற்றின் முன்மண்டபத்திலே, கண்ணாடிச் சட்டமிட்ட அத்தாட்சிப் பத்திரமொன்று தொங்குவதைக் காண்கிறோம். ‘சர்வதேசத் தராதரம் பெற்ற வைத்தியசாலை’ என்று அப்பத்திரம் பறைசாற்றுகிறது. பணமுள்ளவன் அதைப் பார்த்து ஆறுதலடைகிறான். பணமில்லாதவன், இத்தகைய இடத்துக்குப் போக நமக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஏங்குகிறான். இருவரும் ஒன்றையே நம்புகின்றனர்: பத்திரம் இருக்குமிடத்தில் உயிருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதே அது. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய விரும்புகிறோம்.

தராதரங்களே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லர் நாம். இதனை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். ஊசி போடுமுன் நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதி செய்தல், கையைக் கழுவுதல், கத்தி வைக்குமுன் எந்த உறுப்பு, எந்தப் பக்கம் என்று பார்த்தல் ஆகிய எளிய விதிகளை மீறியதால் மாண்டவர் எண்ணற்றோர். ஐக்கிய அமெரிக்காவிலே வைத்தியசாலைப் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கின்றனர் என்று அந்நாட்டு மருத்துவ நிறுவகம் 1999இல் மதிப்பிட்டது. செல்வமும் விஞ்ஞானமும் கொழித்த நாட்டின் நிலையே இதுவென்றால், விதிகள் வேண்டாமென்று வாதிடுபவன் மக்களின் நண்பனாக இருக்க முடியாது. நமது சண்டை தராதரத்தோடல்ல. அதனைக் கையில் வைத்திருப்பவர்களோடுதான்.

தர அங்கீகாரம் என்ற இந்த ஏற்பாட்டின் பிறப்பைச் சற்றே நோக்குவோம். பொஸ்டன் நகரிலே ஏர்னெஸ்ட் கொட்மன் என்றொரு சத்திரசிகிச்சை நிபுணர் வாழ்ந்தார். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின்னரும் தொடர்ந்து கவனித்து, அவர் குணமடைந்தாரா, இல்லையாயின் ஏன் இல்லை என்பதை எழுதி வைத்துப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதே அவர் கொள்கை. சொன்னதை அவர் செய்தும் காட்டினார். 1911 முதல் 1916 வரை தமது சிறிய வைத்தியசாலையிலிருந்து வெளியேறிய 337 நோயாளர் விடயத்தில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். இத்தகைய மனிதரைச் சக வைத்தியர்கள் கொண்டாடினார்களா? இல்லை. அவரை ஒதுக்கி வைத்தார்கள். 1940இல் அவர் மறைந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்லும் வைக்கப்படவில்லை, 2014இலேதான் வைக்கப்பட்டது.

அவருடைய கருத்தின் தூண்டுதலால் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி குறைந்தபட்சத் தராதரம் ஒன்றை வகுத்தது. அது ஒரே பக்கத்தில் அடங்கியது. 1918இல் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டில்களைக் கொண்ட 692 வைத்தியசாலைகளைப் பரிசோதித்தபோது 89 மட்டுமே தேறின. தேறாதவற்றுள் நாட்டின் பெயர்பெற்ற வைத்தியசாலைகளும் இருந்தன. 1919இல் நியூயோர்க்கில் கூடிய கல்லூரித் தலைவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பட்டியலைப் பத்திரிகைகள் கண்டுவிடக் கூடாதென்று, தாம் தங்கியிருந்த வால்டோர்ப் அஸ்டோரியா ஹோட்டலின் உலையிலே இட்டு எரித்தார்கள். எண்கள் மட்டும் வெளிவந்தன, பெயர்கள் சாம்பலாயின.

அந்த நெருப்பு இன்னும் அணைந்துவிடவில்லை. 1951இல் வைத்தியர் சங்கங்களும் வைத்தியசாலைச் சங்கமும் சேர்ந்து கூட்டு ஆணைக்குழுவொன்றை நிறுவின. 1965இல் முதியோருக்கான மெடிக்கெயார் சட்டம் வந்தபோது, அவ்வாணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற வைத்தியசாலை அரசாங்க நிபந்தனைகளையும் நிறைவேற்றியதாகவே கொள்ளப்பட்டது. பரிசோதிக்கப்படும் வைத்தியசாலையே பரிசோதனைக்குக் கட்டணம் செலுத்துகிறது. பரிசோதனை அறிக்கையோ பொதுமக்கள் கண்ணுக்கு மறைக்கப்படுகிறது. அறிக்கைகளை வெளியிடச் செய்யும் யோசனையொன்றை அரசாங்க நிறுவனம் 2017 ஏப்ரலில் முன்வைத்து, ஓகஸ்டிலே தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. கூலி கொடுப்பவனையே குற்றவாளி என்று சொல்ல எந்த நீதிபதிக்கு மனம் வரும்?

பயனாவது விளைந்ததா? பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2018இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவின் 4,400 வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்ற நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்தது. கட்டணம் பெறும் நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்றவற்றுக்கும், மாநில அரசின் பரிசோதனைக்கு மட்டும் உட்பட்டவற்றுக்கும் இடையே மரண விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கண்டது. மீண்டும் வந்து அனுமதிக்கப்படுவோர் தொகை மட்டும் முதல் வகையில் சிறிதளவு குறைந்திருந்தது. அந்தச் சிறு நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் முன்மண்டபத்துப் பத்திரம் வாக்களிப்பது அவ்வளவு சிறிய நன்மையையா?

இங்கிலாந்திலிருந்து இன்னொரு பாடம். ஸ்டபோர்ட் நகர வைத்தியசாலையை நடத்திய நிர்வாகம் ‘பவுண்டேஷன் ட்ரஸ்ட்’ என்ற உயர்ந்த அந்தஸ்தைப் பெறுவதற்காகச் செலவைக் குறைத்தது; தாதிமார் போதாமல் போயினர். 2008 பெப்ரவரியிலே அந்தஸ்தும் கிடைத்தது. விடுதிகளிலோ, உணவூட்டவும் தண்ணீர் கொடுக்கவும் ஆளின்றி முதியோர் தவித்தனர். அழுக்குப் படுக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தனர். இந்தக் கொடுமையை வெளிக்கொணரப் போராடியவர்கள் பரிசோதகர்கள் அல்லர். உறவினரைப் பறிகொடுத்த சாதாரண மனிதர்களே. 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை இதனை உலகறியச் செய்தது.

‘அப்படியானால் விதிகளால் பயனே இல்லையா?’ என்று சிலர் கேட்பர். உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 விடயங்களே உள்ளன. எட்டு நகரங்களில் அதனை நடைமுறைப்படுத்தியபோது மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே பட்டியலை 101 வைத்தியசாலைகளில் கட்டாயமாக்கியபோது, ஏறக்குறைய எல்லா இடத்திலும் அது நிரப்பப்பட்டதாகக் கணக்கு வந்தது. மரணத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றமெதுவும் காணப்படவில்லை என்று 2014இல் ஆய்வாளர் எழுதினர். மனமொன்றிச் செய்யும்போது பட்டியல் உயிர் காக்கலாம். மேலிடத்துக்குக் காட்டுவதற்காக அடையாளமிடும்போது அது வெறும் காகிதம் என்பதே நாம் கற்கும் பாடம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் நம்மிடம் உண்டு. பதிவு செய்தல் வேறு, பாதுகாப்பு வேறு. அரசாங்க வைத்தியசாலைகளின் கதையோ இன்னும் துயரமானது. 2022 மார்ச்சிலே மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு பெரும் ஊழல் விவகாரமாக வெடித்தது. மறு ஆண்டு முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். மருந்து வாங்கும் மேசையிலே களவு நடக்க இடமிருந்தால், கை கழுவும் விதியை எத்தனை சுவரில் ஒட்டி என்ன பயன்?

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியிலே விளக்க வேண்டுமென்று சர்வதேசத் தராதர நூலே விதிக்கிறது. ஆனால் தமிழ் மட்டுமே தெரிந்த தோட்டத் தொழிலாளிப் பெண், தனக்குப் புரியாத மொழியில் எழுதிய சம்மதப் பத்திரத்திலே கைநாட்டு வைக்கிறாள். எங்கே வலிக்கிறதென்று சொல்ல அவளுக்கும் வழியில்லை. கேட்டறிய வைத்தியருக்கும் வழியில்லை. இது உரிமைப் பிரச்சினை மட்டுமன்று, உயிர்ப் பிரச்சினையுமாகும். பட்டம் பெற்ற வைத்தியரையே காணாத தோட்டத்து மருந்துச்சாலைகளை எந்தச் சர்வதேசப் பரிசோதகர் எட்டிப் பார்த்தார்? கட்டணம் செலுத்த இயலாதவனின் உயிர் தராதரத்துக்குப் புறம்பானதா?

ஆகவே நாம் கேட்பவை இவையே. பரிசோதகருக்கான கூலியை வைத்தியசாலை முதலாளி கொடுக்கலாகாது; மக்கள் பணத்திலிருந்தே கொடுக்கப்பட வேண்டும். பரிசோதனை அறிக்கை ஒவ்வொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட வேண்டும். விடுதிக்கு எத்தனை தாதிமார், களஞ்சியத்தில் என்ன மருந்து என்பன முதற் கேள்விகளாக அமைய வேண்டும். தாதியரும் சிற்றூழியரும் நோயாளரின் பிரதிநிதிகளும் பரிசோதனைக் குழுவில் இடம்பெற வேண்டும். பிழையை ஒப்புக்கொள்ளும் ஊழியர் வேட்டையாடப்படாமல் காக்கப்பட வேண்டும். இந்த வேலை கொழும்பிலிருந்தல்ல, தோட்டங்களிலிருந்தும் எல்லைக் கிராமங்களிலிருந்தும் தொடங்க வேண்டும்.

இவை நடக்கக்கூடியவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். இலவச வைத்தியம் என்ற ஏற்பாட்டை இந்நாட்டு மக்கள் தமது உழைப்பாலும் வாக்குப் பலத்தாலும் வென்றெடுத்தார்கள். அந்த வைத்தியம் பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டுமென்று கேட்கும் உரிமையும் அவர்களுடையதே. பிழைகளின் பட்டியலை எரிப்பவர்கள் எரித்துக்கொண்டேயிருப்பர். அதனை உலையிலிருந்து வெளியே இழுத்து மக்கள் முன் வைப்பது நம் அனைவரின் கடமை.