விற்ற பின்னும் விடாத பிடி
ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்குப் பின் மின்சாரம் திரும்பினாலும் இணையம் உடனே திரும்பாத கோட்டுச்சேரி போன்ற கடலோர ஊரில், முழு விலை கொடுத்து வாங்கிய வீடியோ விளையாட்டைத் தன்னந்தனியாக ஆட உட்காரும் இளைஞனிடம், ‘சர்வருடன் தொடர்பு இல்லை’ என்று மடிக்கணினி கைவிரிப்பது எந்த நியாய சாஸ்திரத்தில் சேர்த்தியென்று விளங்கவில்லை. இப்படிச் சர்வரைக் கேட்டுத் திறக்கும் பூட்டைப் போட்டுத் திருட்டுப் பிரதியைத் தடுக்கும் நிறுவனங்களின் உரிமையை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆயினும் பூட்டை உடைத்தவன் நிம்மதியாக ஆட, காசு கொடுத்தவனே அனுதினமும் தன் யோக்கியதையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார் பந்தய விளையாட்டு, தனியாக ஆடுவதற்கும் சர்வரையே நம்பியிருந்தமையால், 2024 மார்ச் 31-இல் அந்தச் சர்வர் மூடப்பட்டதும், வட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் பிரயோஜனமற்றுப் போயிற்று. மூடுகிற நாளில் இணையமின்றி ஆடும் வழியைத் திறந்துவிடச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். அதுவரை, விலைக்குப் பக்கத்தில் ‘இது வாடகைக்கு’ என்று அச்சிடுவதே நாணயம்.